போன் அம்மா

அத்தியாயம் பதினொன்று

ரேணிகுண்டா தாண்டியதும் யமுனா எழுந்துபோய், ரயில் பெட்டியின் கதவோரம் இருந்த கண்ணாடியில் தலை வாரிக்கொண்டாள். முந்தின நாள் மாலை ஷிப்டை முடித்துவிட்டு உடைகூட மாற்றாமல் கம்பெனி பஸ்ஸில் நெல்லூருக்கு வந்து ரயிலைப் பிடித்தவள். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. பெற்ற மகள் முன்னால் இப்படியா போய் நிற்பது என்று முகத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

கடைசியாகச் சங்கராந்திக்கு வந்தது. இப்போது மாங்காய்க் காலம் பாதி முடிந்துவிட்டது.

குடிபாலாவில் ஊரார் நிலத்துக்குக் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த கங்கையாவின் மகள் அவள். நெல்லூர்க் கடற்கரையில் பெரிய துறைமுகம் வருகிறது, கரையோரம் முழுக்க வேலை பெருகும், சித்தூர் ஜில்லாப் பிள்ளைகளுக்கும் அதில் இடமுண்டு என்று சொல்லிக்கொண்டு ஆள் எடுக்க வந்தபோது, பாலிடெக்னிக் முடித்திருந்த யமுனாவும் போய் நின்றாள். அவள் குடும்பத்தில் அதுவரை யாரும் கடலைப் பார்த்ததில்லை. வேலை கிடைத்தபோது மகள் பிரியங்காவுக்கு இன்னும் ஒரு வயது நிறையவில்லை.

“ஒரு வருஷம் பல்லக் கடிச்சுகினு இரு. அப்பறம் பாத்துக்கலாம்” என்றான் கணவன் கோபிகிருஷ்ணன். குழந்தையை அவனுடைய அக்கா தேவயானி வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அந்த ஒரு வருஷம் இரண்டாகி, இப்போது மூன்றாவது நடக்கிறது.

துறைமுகத்தில் யமுனாவுக்குக் கண்ட்ரோல் ரூம் வேலை. வருகிற கன்டெய்னரை எங்கே இறக்க வேண்டும், எதை எடுத்துக் கப்பலில் ஏற்ற வேண்டும் என்று கம்ப்யூட்டரைப் பார்த்து வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டும். கிரேன் ஓட்டுகிறவர்களுக்கும் கேட்டில் நிற்கிறவர்களுக்கும் அவள் குரலை நன்றாகத் தெரியும். முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. ஹாஸ்டலில் அவளுடைய அறையில் இருக்கும் பெண்கள் வேறு வேறு ஷிப்ட். இவள் விழித்திருக்கும்போது அவர்கள் தூங்குவார்கள். பல நாள் அவளோடு பேச வயர்லெஸ்ஸைத் தவிர யாரும் இருக்கமாட்டார்கள். மாலையில் மகளுக்குப் பண்ணுகிற போன் ஒன்றுதான். அதற்காகவே அந்த நாளைக் கடத்துவாள்.

போன வாரம் மேலதிகாரி ஆதிநாராயணன் சார் அவளைக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார். ஒடிசா கடற்கரையில் கம்பெனி இன்னொரு துறைமுகம் கட்டி முடிக்கப்போகிறது. அங்கே ஷிப்ட் இன்சார்ஜாக அவள் போக வேண்டும். புதிதாக வருகிற பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். “நாடு முழுக்க கரையோரம் இனிமே துறைமுகம்தாம்மா. உன்ன மாதிரி வேலை தெரிஞ்சவங்க எத்தன பேர் இருக்காங்க?” என்றார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொன்னார்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. விஷயத்தை அவள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பதிலை மட்டும் முடிவு செய்துவிட்டாள். ஒடிசாவும் வேண்டாம், இங்கே இருக்கிற வேலையும் வேண்டாம். திருப்பதி வீட்டுக்கே வந்துவிடுவது. மகளுக்குக் காது குத்துகிற நாளில் எல்லோர் முன்னிலையிலும் அதைச் சொல்ல வேண்டும் என்று ரயிலில் வழி நெடுக ஆசையாக இருந்தது.

*

திருப்பதியில், கொர்லகுண்டாவில் வீட்டு வாசலில் வேன் தயாராக நின்றது. அண்ணன் சிரஞ்சீவி குடிபாலாவிலிருந்து விடிவதற்கு முன்பே கிளம்பி வந்திருந்தான். பிள்ளை உட்கார வேண்டியது தாய்மாமன் மடியில் அல்லவா? புது வேட்டி, கழுத்தில் மடித்துப் போட்ட துண்டு, சட்டைப் பையில் சின்ன டப்பாவில் தங்கத் தோடு.

“இன்னாமே இப்படி எளச்சுப் போயிட்ட?” என்றான்.

“அதெல்லாம் இல்லண்ணா. பாப்பா எங்க?”

பாப்பா தேவயானியின் முந்தானைக்குப் பின்னால் இருந்தாள். தேவயானி அவளை முன்னால் இழுத்து நிறுத்தி, “யாரு வந்துகிறாங்க பாரு. அம்மா” என்றாள்.

யமுனா மண்டி போட்டு உட்கார்ந்து கைப்பையைத் திறந்தாள். மகளுக்காகப் பட்டாம்பூச்சி வைத்த முடி கிளிப்புகள் வாங்கி வந்திருந்தாள், சிவப்பும் மஞ்சளுமாக. எடுத்து நீட்டியபிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். மகளின் தலை மொட்டை அடித்திருந்தது. புது முடி கருகருவென்று அரும்பிக்கொண்டிருந்தது.

“முடி எப்ப எடுத்தீங்க?”

தேவயானி தம்பியைப் பார்த்தாள். “போன வாரம் பக்கத்து ஊட்டுக்காரங்க மலைக்குப் போனாங்க. கூடவே போய் எடுத்துகினு வந்துட்டோம். கோபி உன்கிட்ட சொல்லலையா?”

“சொல்லணும்னுதான் இருந்தேன்” என்றான் கோபிகிருஷ்ணன். பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருக்கிறவன் அவன். “லாட்ஜுல ஒரே கூட்டம். மறந்தே போச்சு.”

எங்கெங்கிருந்தோ ஜனங்கள் ரயிலேறி வந்து இந்த மலையில் பிள்ளைக்கு முடி இறக்குகிறார்கள். தன் மகளுக்கு இறக்கியது தனக்குத் தெரியவில்லை.

பிரியங்கா ஒரு கிளிப்பை வாங்கி மொட்டைத் தலையில் வைத்துப் பார்த்தாள். அது வழுக்கிக் கீழே விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். யமுனாவும் சிரித்தாள்.

“டீ குடிச்சியா? எதனா துன்னுட்டு கெளம்பு. அங்க பூசைக்கு நேரமாயிடும்” என்று கோபிகிருஷ்ணன் உள்ளே போனான். ரயிலில் சார்ஜ் தீர்ந்துபோன போனை அவள் சுவரோரம் சொருகிவிட்டுக் குளிக்கப் போனாள். குளியலறைக் கொடியில் அவளுடைய துண்டு மாட்டுகிற இடத்தில் குழந்தையின் சட்டைகள் தொங்கின. துண்டு எங்கே என்று கேட்கத் தயங்கி, புடவைத் தலைப்பிலேயே துவட்டிக்கொண்டாள்.

*

வேன் புத்தூர், நாராயணவனம் தாண்டி நாகலாபுரத்தை நோக்கிப் போனது. கோபிகிருஷ்ணனின் குடும்பத்துக்கு நாகலாபுரம்தான் சொந்த ஊர். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் வேதநாராயண சுவாமி கோவில் பக்கத்தில்தான் காது குத்துவார்கள்.

ரோட்டோரம் மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. சிரஞ்சீவி அவற்றைக் காட்டினான். அவனுக்கு டிரெய்லர் ஓட்டுகிற வேலை. சித்தூர் பக்கத்து ஃபேக்டரிகளில் மாம்பழக் கூழ் அடைத்த கன்டெய்னரைத் தங்கை வேலை செய்கிற துறைமுகத்துக்குத்தான் கொண்டுபோவான்.

“ஒரு நாளாச்சும் என்ன வந்து பாக்கக்கூடாதா?” என்றாள் யமுனா.

“எங்க விடறான் உள்ள? கேட்டுலயே நின்னுகினு இருப்பேன். மைக்குல உன் கொரல் மட்டும் கேக்கும். இந்த வண்டி இங்க போ, அந்த வண்டி அங்க போன்னு. ஒரு தபா பக்கத்து வண்டிக்காரன்கிட்ட, இது என் தங்கச்சின்னு சொன்னேன். நம்பமாட்டேன்னுட்டான்.”

“ஏன்?”

“பேசறது மெஷினுன்னு நெனச்சுகினு இருக்கான் அவன்.”

முன் சீட்டில் உட்கார்ந்திருந்த கோபிகிருஷ்ணன் சிரித்தான். பின் சீட்டில் பிரியங்கா தேவயானியின் மடியில் தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. யமுனா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். கன்னத்தில் கொசு கடித்த தழும்பு ஒன்று. இடது புருவத்தில் கோடாக ஒரு காயம் ஆறியிருந்தது. எப்போது பட்டது என்று கேட்க நினைத்தாள். கேட்டால் குற்றம் சொல்வதுபோல் ஆகிவிடும்.

“கட்டில் கால் இடிச்சது” என்றாள் தேவயானி, அவள் பார்வையைப் பார்த்துவிட்டு. “நீ பயப்படுவேன்னு போன்ல சொல்லல.”

தேவயானி தம்பியைவிடப் பல வயது மூத்தவள். அவளுடைய கணவன் வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் சுமை ஏற்றி இறக்குகிற வேலைக்குப் போனவன். முதல் இரண்டு வருஷம் போன் வந்தது. பிறகு வரவில்லை. கூடப் போனவர்கள், அவன் அந்த வேலையை விட்டுவிட்டு வேறெங்கோ போய்விட்டான் என்றார்கள். உயிரோடு இருக்கிறானா என்பதும் தெரியாது. பிள்ளை இல்லை. மாமியார் வீட்டில் இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, துணிப்பையோடு தம்பி வீட்டுக்கு வந்தாள். வந்த கொஞ்ச நாளில் பிரியங்கா அவள் கைக்கு வந்து சேர்ந்தாள்.

*

கோவிலில் அர்ச்சனை முடிந்து வெளியே வந்து, பக்கத்தில் ஒரு மண்டபத்தில் ஜமக்காளம் விரித்தார்கள். தேங்காய், பழம், வெல்லம் கலந்த காப்பரிசி எல்லாம் தட்டுகளில் இருந்தன. உள்ளூர்ச் சொந்தக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். யமுனா ஒரு தட்டை எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் வெற்றிலை பாக்கு கொடுத்தாள்.

செங்கம்மா என்ற ஒரு வயதான அம்மாள், கோபிகிருஷ்ணனுக்கு ஒன்றுவிட்ட சித்தி முறை, கண்ணைச் சுருக்கி அவளைப் பார்த்தாள். “நீ யாரு ஊட்டுப் பொண்ணும்மா? பாப்பாவுக்கு இன்னா வேணும்?”

யமுனா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அந்த அம்மாளே, “ஓ, மாமன் ஊட்டுப் பக்கமா? சரி சரி. பாப்பாவோட அம்மா பாரு, பாவம், காலைலேருந்து ஒக்காரவே இல்ல” என்று தேவயானியைக் கைகாட்டினாள்.

“ஆமாம்மா” என்றாள் யமுனா. அடுத்த ஆளிடம் தட்டை நீட்டினாள்.

ஆசாரி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சிரஞ்சீவி மடியில் பிரியங்காவை உட்கார வைத்துக் காப்பரிசியை வாயில் ஊட்டினான். முதல் காதைக் குத்துகிற வரைக்கும் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. குத்தியதும் வீறிட்டாள். தோட்டைத் திருகுவதற்குள் உடம்பு வில்லாக வளைந்தது. மாமன் நெஞ்சில் உதைத்துக்கொண்டு மடியிலிருந்து நழுவினாள்.

“இன்னொரு காது இருக்குதே. அப்படியே விட முடியுமா?” என்றார் ஆசாரி.

யமுனா ஓடிப்போய்க் குனிந்து, “கண்ணு, அம்மா இருக்கேன்டா. இங்க வா” என்று கை நீட்டினாள். குழந்தை அந்தக் கையைத் தட்டிவிட்டது. தேவயானி தூக்கிக்கொண்டாள். அவளிடமும் அடங்கவில்லை. ஒற்றைத் தோட்டோடு தலையை அங்கும் இங்கும் ஆட்டி, மூக்கு ஒழுக அழுதாள்.

“எனக்குப் போன் அம்மா வேணும். போன் அம்மாகிட்ட பேசணும்.”

மண்டபத்தில் யாருக்கும் அது விளங்கவில்லை. “யாரக் கேக்குது பாப்பா?” என்றாள் செங்கம்மா.

தேவயானிக்கு விளங்கியது. அவள் முகம் வெளுத்துவிட்டது. யமுனாவைப் பார்த்தாள், பிறகு கீழே பார்த்தாள். “சாயங்காலம் நீ போன் பண்ணுவியே, அத அப்படித்தான் சொல்லும். நான் சொல்லிக்குடுக்கல யமுனா. சத்தியமா. அதுவா சொல்ல ஆரம்பிச்சது.”

“இதோ நிக்கறாங்களே, இவங்கதான்டா போன் அம்மா” என்று சிரஞ்சீவி யமுனாவைக் காட்டினான்.

பிரியங்கா அழுகைக்கு நடுவே யமுனாவை ஏற இறங்கப் பார்த்தாள். “இல்ல. இவங்க இல்ல. போன் அம்மா போன்ல இருக்காங்க.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யமுனா திரும்பி மண்டபத்தைவிட்டு வெளியே நடந்தாள். கோவித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்து கோபிகிருஷ்ணன், “யமுனா, நில்லு” என்றான். அவள் நிற்கவில்லை. மண்டபத்துக்குப் பின்பக்கம் போனாள். அங்கே ஒரு வேப்பமரமும் யாரோ நிறுத்தி வைத்த மாட்டு வண்டியும்தான் இருந்தன. சுவரில் சாய்ந்துகொண்டு தேவயானியின் நம்பரைப் போட்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் போன் மணி அடிப்பது அவளுக்கே கேட்டது. அழுகை சட்டென்று குறைந்தது.

“பாப்பா” என்றாள்.

“போன் அம்மா.” விக்கல். “எனக்குக் காதுல குத்திட்டாங்க.”

“ரொம்ப வலிக்குதா?”

“ம். ரத்தம் வந்துச்சு.”

“அச்சச்சோ. இன்னொரு காதுக்கும் தோடு போட்டாதானே அழகா இருக்கும்? ஒரு காதுக்கு மட்டும் போட்டா அந்தக் காது அழுவாதா?”

குழந்தை யோசித்தது. “நீ போன வெக்கமாட்டியே?”

“வெக்கமாட்டேன். பேசிகினே இருப்பேன். மாமா மடில போய் ஒக்காந்துக்கோ. போன இந்தக் காதுல வெச்சுக்கோ.”

அவள் பேசினாள். தினமும் சாயங்காலம் சொல்கிற கதைதான். பெரிய பெரிய பெட்டிகளைத் தூக்குகிற கிரேன், அதற்கு யானைபோல் நீண்ட கை, அது தப்பான பெட்டியைத் தூக்கிவிட்டு முழிக்கும், அப்போது போன் அம்மா அதட்டுவாள், அது பயந்துபோய் இறக்கி வைக்கும். மறுபக்கம் ‘ஆ’ என்று ஒரு சத்தம் வந்தது. பெரிய அழுகை வரவில்லை. “ஆச்சு, ஆச்சு, அவ்ளோதான்” என்று ஆசாரியின் குரல் சுவரைத் தாண்டியும் கேட்டது, போனிலும் கேட்டது.

“குத்திட்டாங்களா?”

“ம்.” மூக்கை உறிஞ்சினாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, ரகசியம்போல், “போன் அம்மா, இங்க ஒரு அம்மா வந்திருக்காங்க” என்றாள்.

யமுனா கண்ணை மூடிக்கொண்டாள். “அப்படியா? எப்படி இருக்காங்க?”

“நல்ல அம்மா. எனக்குக் கிளிப்பு வாங்கினு வந்தாங்க. ஆனா மொட்டைல நிக்கல.”

“முடி வளந்ததும் நிக்கும்.”

“அப்ப அவங்க இருப்பாங்களா?”

“இருக்கட்டுமா? உனக்கு வேணுமா?”

பதில் வருவதற்குள் யாரோ பிள்ளைக்குப் பழம் கொடுத்தார்கள்போல. போன் கை மாறியது. கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அது தேவயானியின் மூச்சு என்று யமுனாவுக்குத் தெரிந்தது. யார் முதலில் வைத்தது என்று தெரியாமல் போன் அடங்கியது.

*

அவள் அங்கிருந்து நகர்வதற்குள் ஆதிநாராயணன் சாரின் கால் வந்தது. அவர் தெலுங்கில் சந்தோஷமாகப் பேசினார். “விசேஷம் நல்லபடியா முடிஞ்சுதா? தொந்தரவு பண்றேன்னு நினைக்காதே. எந்த வாரம் ஒடிசா கிளம்பறேன்னு மட்டும் சொல்லிடு. டிக்கெட் போடணும்.”

யமுனாவுக்குப் புரியவில்லை. “நான் இன்னும் பதிலே சொல்லலையே சார்.”

“என்னம்மா இது? விடியக்காலையில உன் போன் ஆஃப்ல இருந்துது. ஆபீஸ்ல குடுத்திருந்த வீட்டு நம்பருக்குப் போட்டேன். உங்க வீட்டுக்காரர்தான் எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். தாராளமா வருவா, நான் அனுப்பி வைக்கறேன்னாரே.”

“அஞ்சு நிமிஷத்துல கூப்பிடறேன் சார்.”

மண்டபத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. கோபிகிருஷ்ணன் வாளியைத் தூக்கிக்கொண்டு சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தான். காலையில் வாசலில் அவளைப் பார்த்துச் சிரித்தபோதே இவனுக்குத் தெரியும். டீ குடித்தாயா என்று கேட்டபோதும் தெரியும். வேனில் முன் சீட்டில் அத்தனை தூரம் உட்கார்ந்து வந்தபோதும் தெரியும்.

“கொஞ்சம் வெளிய வாங்க” என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் வாளியைச் சிரஞ்சீவியிடம் கொடுத்துவிட்டு வந்தான். வேப்பமரத்தடியில் நின்றார்கள்.

“சார் போன் பண்ணாரு.”

அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டான். “நானே சொல்லலாம்னுதான் இருந்தேன். விசேஷம் முடியட்டும்னு பாத்தேன்.”

“என்ன ஒரு வார்த்தை கேக்காம எப்படிச் சொன்னீங்க?”

“நீ வேணாம்னு சொல்லிடுவேன்னுதான்.”

“ஆமா. வேணாம்னுதான் சொல்லப் போறேன். அந்த வேலையும் வேணாம், இந்த வேலையும் வேணாம். ஊட்டுக்கு வந்துடறேன்.”

அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

“நீ வந்தா அக்கா ஒரு நாள்கூட இருக்காது யமுனா. எனக்குத் தெரியும். இது உன் புள்ள, எடுத்துக்கோன்னு குடுத்துட்டு அப்படியே கெளம்பிடும். கெளம்பி எங்க போவும்? அதுக்கு யார் இருக்காங்க?”

“அப்ப எனக்கு?”

“உனக்கு வேலை இருக்குது. ஊரெல்லாம் பேர் இருக்குது.”

“வேலைதான் இருக்குது” என்றாள் யமுனா. “ரூமுக்குப் போனா வெளக்குப் போடக்கூடாது, பக்கத்துல ஒருத்தி தூங்குவா. இருட்டுலயே சோத்தத் துன்னுட்டுப் படுத்துக்கறேன். காய்ச்சல் வந்தப்ப மூணு நாள் என்ன யாரும் பேர் சொல்லிக் கூப்பிடல. உங்களுக்கு அதெல்லாம் தெரியாது.”

“நீ சொன்னதில்லையே.”

“சொன்னா நீங்க வந்துடுன்னு சொல்வீங்கன்னு நெனச்சேன். நல்ல வேள, சொல்லல.”

அவன் தரையைப் பார்த்தான். “மறைக்காமச் சொல்றேன். நீ இல்லாம இருந்து இருந்து எங்களுக்குப் பழகிப்போச்சு. மொதல்ல கஷ்டமா இருந்துச்சு. இப்ப நீ வந்து போற நாள்தான் கஷ்டமா இருக்குது. இது தப்புதான். ஆனா நெசம்.”

யமுனா அவனையே பார்த்தாள். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நெல்லூர் பஸ் ஏற்றிவிட வந்து, பஸ் நகர்ந்த பிறகும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவன் இவன்தான். இவன் கெட்டவன் ஆகிவிடவில்லை. அவள் இல்லாத வீட்டில் ஒரு குடும்பம் நடந்துகொண்டிருக்கிறது. அதில் அவளுக்கு ஒரு பாய் விரிக்க யாராவது ஒருவர் எழுந்துகொள்ள வேண்டும்.

அவன் எதிரிலேயே போனை எடுத்தாள். கண்ட்ரோல் ரூமில் பேசுகிற அதே குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் பேசினாள்.

“சார், யமுனா பேசறேன். நான் ஒடிசாவுக்கு வரல. அவர் சொன்னது அவரோட பதில். இது என்னோடது. நாளைக்கு ஆபீசுக்கும் வரல. மத்தத அப்பறம் வந்து எழுதித் தரேன்.”

சார் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் கேட்டு முடித்துவிட்டு, “இல்ல சார்” என்று வைத்தாள்.

கோபிகிருஷ்ணன் வாயைத் திறந்தான். அவன் பார்வை அவளைத் தாண்டிப் போயிருந்தது. யமுனா திரும்பினாள்.

தேவயானி நின்றுகொண்டிருந்தாள். தோளில் பிரியங்கா தூங்கிக்கொண்டிருந்தாள். கையில் ஒரு இலையில் சோறும் வடையும். யமுனா இன்னும் சாப்பிடவில்லை என்று எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

“துன்னு யமுனா. ஆறிப்போவுது” என்றாள். எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறாள் என்று தெரியவில்லை.

*

திரும்பும்போது சிரஞ்சீவி முன்னால் டிரைவரோடு உட்கார்ந்து கண் அயர்ந்தான். கோபிகிருஷ்ணன் நடு சீட்டில், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தான். பின் சீட்டில் பெண்கள் இருவரும். குழந்தை இரண்டு மடியிலும் நீளமாகக் கிடந்து தூங்கினாள்; தலை தேவயானி பக்கம், கால்கள் யமுனா பக்கம். காது இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. தேவயானி ஒரு துணியை நனைத்து நனைத்து அதன்மேல் ஒற்றினாள்.

“ராத்திரில காச்சல் வந்தாலும் வரும்” என்றாள். “காதுக்கு தேங்கா எண்ணெயும் மஞ்சளும் போடணும். தூக்கத்துல சொரண்டும், கையப் புடிச்சுக்கணும். பால்ல சக்கர போட்டா குடிக்காது, வெல்லம் போடணும். வெளக்க முழுசா அணைச்சா எழுந்து அழும்.”

யமுனா தலையை ஆட்டிக்கொண்டு கேட்டாள். இதெல்லாம் எதற்கு இப்போது சொல்கிறாள் என்று கொஞ்ச தூரம் போகிற வரைக்கும் அவளுக்கு உறைக்கவில்லை.

“அண்ணி, இதையெல்லாம் நீங்கதானே பாப்பீங்க” என்றாள்.

தேவயானி நனைந்த துணியை மடித்து யமுனாவின் கையில் வைத்தாள். குழந்தையின் தலையை மெல்லத் தூக்கி, தன் மடியிலிருந்து நகர்த்தி, யமுனாவின் மடிக்கு மாற்றினாள். பிரியங்கா தூக்கத்தில் ஒரு தடவை முனகினாள். முகத்தைப் புதுப் புடவையில் புதைத்துக்கொண்டு அடங்கிவிட்டாள்.

நாராயணவனம் தாண்டியாயிற்று. வெளியே வெயில் தணிந்து, ரோட்டுக் கடைகளில் விளக்கு போட ஆரம்பித்திருந்தார்கள். புத்தூர் ஸ்டேஷன் பக்கமிருந்து ரயில் ஊதுகிற சத்தம் வந்தது.

தேவயானி காலடியில் இருந்த துணிப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். காலையில் வேனில் ஏறும்போதே அந்தப் பை அவளிடம் இருந்ததா என்று யமுனாவுக்கு ஞாபகம் இல்லை.

“டிரைவர்கிட்ட சொல்லும்மா” என்றாள் தேவயானி, முன்னால் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில். “நான் புத்தூர்ல எறங்கிக்கறேன்.”

புத்தூரில் தேவயானிக்கு யாரும் இல்லை.